போர்டு சொன்னபடி வந்த தாய்மாமன்

நத்தக்காட்டுவலசில் முட்டாள்கள் யாரும் கிடையாது. அந்த ஊர்க்காரர்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருமுறை ஊரே கூடிப் பேசி, ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொல்லி, இந்த முடிவுக்கு வந்திருந்தார்கள். கையைத் தூக்காதவர் ஒருவர்தான். அவருக்கும் தோளில் சுளுக்கு.

அந்த ஊரில் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் சென்னியப்பன். நாற்பத்தாறு வயதில் வாங்கினார். கற்றுக்கொடுத்தவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவர் மறக்கவில்லை. ரெண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்; சென்னியப்பன் எடுப்பதே இல்லை. அதனால் கியர் போடுவதற்கென்று பங்காளி குழந்தைவேலு எப்போதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். "ரெண்டு" என்று இவர் சொன்னால் அவர் ரெண்டாவது கியரைப் போடுவார். பின்னாலும் ஒரு கண் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பக்கத்துத் தோட்டத்து அர்த்தனாரி அண்ணன். அவர் சென்னியப்பனுடைய வேனின் பின்சீட்டில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டு வருவார்.

சென்னியப்பனின் அக்கா பாவாயி மகளுக்குக் கல்யாணம். மண்டபம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெரிய ரோட்டோரம். பத்தரை மணிக்குத் தாய்மாமன் சீர், அது முடிந்துதான் தாலி. மாமன் வராமல் சீர் கிடையாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பாவாயி இருபது வருடமாகத் தம்பியிடம் நேராகப் பேசுவதில்லை. இதே பெண்ணுக்குக் காது குத்தியபோது மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். மாமன் வந்து சேர்ந்தது மறுநாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கிறது, அடுத்த பஸ்ஸில் வாங்க என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சென்னியப்பனும் அடுத்த பஸ்ஸுக்காக நின்றார். ஆனால் வந்த பஸ் ஒவ்வொன்றும் இந்த பஸ்ஸாகவே இருந்தது. அடுத்த பஸ் கடைசி வரைக்கும் வரவில்லை.

அதிலிருந்து தம்பியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், பாவாயி தம்பி பெண்டாட்டி மயிலாத்தாளிடம் சொல்வார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பும் அப்படித்தான் போனில் சொன்னார்.

"உன்ற ஊட்டுக்காரரு நேரத்துக்கு வந்து சேரோணும் மயிலா. அதவிட முக்கியம் பத்தரமா வரோணும். பெரிய ரோட்டுல லாரியும் பஸ்ஸும் கண்ணுமண்ணு தெரியாம வருது. ரோட்டோரத்துப் போர்டுல என்ன போட்டிருக்குதோ அதும்படி வரச் சொல்லு. சொந்தப் புத்திய எடுக்க வேண்டாம்னு சொல்லு."

சொந்தப் புத்தியை எடுப்பதில்லை என்று சென்னியப்பன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இருபது வருடப் பேச்சு இந்த ஒரு பயணத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

ஊர்ச்சனம் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டது. கல்யாணத்தன்று விடிந்ததும் சீர்ப் பொருள்களை வேனில் ஏற்றிக்கொண்டு நான்கு பேர் கிளம்பினார்கள். நாலாவது ஆள் மயிலாத்தாளின் தம்பி தெய்வசிகாமணி. அவர் எட்டாவது வரை படித்தவர். போர்டு வாசிக்கும் பொறுப்பு அவருடையது.

சீட் பெல்ட் முன்சீட்டு இரண்டுக்குத்தான் இருந்தது. பின்னால் இருந்த இரண்டு பேரையும் மாட்டுக் கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். அர்த்தனாரி அண்ணனை முதுகைத் திருப்பி உட்கார்ந்தபடியே கட்டினார்கள். முடிச்சு நல்ல முடிச்சு. காளை இழுத்தாலும் அவிழாது.

ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள், ஆறேகாலுக்குப் பெரிய ரோட்டில் ஏறும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே முதல் போர்டு இருந்தது.

"நின்று கவனித்துச் செல்லவும்" என்று தெய்வசிகாமணி வாசித்தார்.

சென்னியப்பன் நிறுத்தினார். "நின்னாச்சு. என்னத்தக் கவனிக்கோணும் மாப்ள?"

"அதைப் போடலீங்க மாமா."

"போடலைன்னா?"

"இன்னதுன்னு போட்டிருந்தா அதை மட்டும் கவனிச்சாப் போதுமுங்க. போடாததுனால எல்லாத்தையும் கவனிக்கோணும்."

அது நியாயமாகத்தான் பட்டது. நான்கு பேரும் கவனிக்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக் கார் ஒன்று போனது. உள்ளே நாலு பேர், பின்சீட்டில் ஒரு அம்மா தூக்கம். கவனித்தாயிற்று. வைக்கோல் லாரி போனது. ஒரு பக்கம் சரிந்திருந்தது. கவனித்தாயிற்று. கிளம்பலாம் என்று இருந்தபோது குழந்தைவேலு தயங்கினார்.

"அண்ணா, நடுவுல ஒரு தும்மல் வந்துருச்சுங்க. அந்நேரத்துக்கு ஒரு பால் வண்டி போச்சு. அதை நான் கவனிக்கலீங்க."

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று பேரும் குழந்தைவேலு எதற்குத் தும்மினார் என்பதைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டதால், பால் வண்டியை யாருமே கவனித்திருக்கவில்லை.

"பால் ஊத்தீட்டுத் திரும்பித்தான வரோணும்" என்றார் சென்னியப்பன்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த வண்டி எதிர்ப்பக்கம் காலியாகத் திரும்பி வந்தது. நான்கு பேரும் நன்றாகக் கவனித்தார்கள். அப்புறம்தான் "ஒண்ணு" என்றார் சென்னியப்பன். குழந்தைவேலு கியரைப் போட்டார். வேன் பெரிய ரோட்டில் ஏறியது.

பெரிய ரோட்டில் அவர்கள் ஒழுங்காகத்தான் போனார்கள். அர்த்தனாரி அண்ணன் பின்னாலிருந்து சேதி சொல்லிக்கொண்டே வந்தார். "ஒரு பஸ் வருது தம்பி. கிட்ட வந்துருச்சு. தாண்டிப் போயிருச்சு." வேன் ஒருமுறை தூக்கிப் போட்டது. சற்றுப் பொறுத்து, "ஒரு வேகத்தடை போவுது தம்பி, பாத்துக்க" என்றார்.

அடுத்த போர்டு, "இடதுபுறமாகச் செல்லவும்."

சென்னியப்பன் கண்ணில் பட்ட முதல் இடதுபுற வழியில் திரும்பினார். அது ஒரு சின்ன ஊருக்குள் போனது. ஊருக்குள் மறுபடியும் இடது பக்கம். பிறகு ஒரு டீக்கடை. டீக்கடையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் பெரிய ரோடு வந்தது. அங்கே "இடதுபுறமாகச் செல்லவும்" என்று போர்டு இருந்தது.

"இந்த ரோட்டுக்காரங்க சொன்னதையே சொல்லுவாங்க போல" என்றார் தெய்வசிகாமணி.

"நாம மறந்துருவோம்னு பெருசுங்க சொல்றதுதான்" என்றார் சென்னியப்பன். அக்காவும் அப்படித்தான், ஒன்றை நாலு தடவை சொல்வார். இடது பக்கம் திரும்பினார்.

மூன்றாவது டீக்கடையைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வேனை நிறுத்தினார். டீக்கடைக்காரரும் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏனுங்க, இத்தோட மூணாவது தடவை வர்றீங்களே, என்ன வேணுமுங்க?"

"நாங்க மூணு ஊரு தாண்டி வந்துட்டமுங்க" என்றார் சென்னியப்பன். "முன்னால ரெண்டு ஊருலயும் உங்களையாட்டவே ரெண்டு பேரு டீக்கடை வெச்சிருக்காங்க. அண்ணன் தம்பிங்களா?"

டீக்கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க போறீங்க?"

சென்னியப்பன் சொன்னார். போர்டு விஷயத்தையும் சொன்னார்.

"இடதுபுறம்னா ரோட்டுக்குள்ளயே இடதுபுறமுங்க. ரோட்ட உட்டு எறங்கறது இல்ல. நேராப் போனா மண்டபம்."

"ரோட்டுக்குள்ளயேன்னு ஒரு வார்த்தை சேத்துப் போட்டிருக்கலாம்" என்றார் தெய்வசிகாமணி. "போர்டுல எடம் இருந்துச்சு."

டீக்கடைக்காரர் அவர்கள் மீண்டும் இடது பக்கம் திரும்பாமல் இருக்க, ஊருக்குள் வரும் வழியின் குறுக்கே பெஞ்சைப் போட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டார். பெரிய ரோட்டைச் சேர்ந்தபோது எட்டு மணி ஆகிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் "தலைக்கவசம் உயிர்க்கவசம்" என்று ஒரு போர்டு வந்தது. சென்னியப்பனுக்குப் பக்கென்றது. இவ்வளவு தூரம் நான்கு பேரும் உயிருக்குக் கவசமே இல்லாமல் வந்திருக்கிறார்கள். அதிர்ஷ்டவசமாக சீர்ப் பாத்திரங்கள் பின்னால் இருந்தன. ஆளுக்கொரு குண்டாவை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். அர்த்தனாரி அண்ணனுக்குத் தலை பெரிது. இருந்ததில் பெரிய பித்தளைக் குண்டா கொஞ்சம் இறுக்கமாகத்தான் இறங்கியது. அது நல்லதுதான், கழன்று விழாது என்றார்கள்.

அதற்கு அடுத்த போர்டுதான் சென்னியப்பனைக் கலங்க வைத்தது.

"வேகம் வேண்டாம்" என்று வாசித்தார் தெய்வசிகாமணி. "வீட்டில் உங்கள் குடும்பம் காத்திருக்கிறது."

சென்னியப்பன் வேனை ஓரங்கட்டினார். "இன்னொருக்கா படி மாப்ள."

படித்தார். அதேதான்.

"நேத்தே எல்லாரும் மண்டபத்துக்குப் போயாச்சேப்பா."

"அப்படித்தானுங்க நாமளும் நெனச்சோம்" என்றார் தெய்வசிகாமணி. "ஆனா கவுருமெண்டுல சும்மா எழுதமாட்டாங்க. விசாரிச்சுத்தான் எழுதுவாங்க."

"உங்கள் குடும்பம்னா யாரு குடும்பம்? நம்ம நாலு பேத்துல?" என்றார் குழந்தைவேலு.

"நாலு பேரும்தான படிக்கறோம். நாலு குடும்பமும்தான்" என்றார் தெய்வசிகாமணி.

சென்னியப்பன் யோசித்தார். மயிலாத்தாள் ஏன் திரும்பிப் போனாள்? அக்கா ஏதாவது சொல்லிவிட்டாரா? ஒரு பக்கம் வீட்டில் பெண்டாட்டி காத்திருக்கிறாள். இன்னொரு பக்கம் மண்டபத்தில் சீர் காத்திருக்கிறது. திரும்பினால் காதுகுத்து மாதிரி ஆகிவிடும். போனால் குடும்பம் காத்துக்கொண்டே இருக்கும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணிக் கேட்டுட்டா என்னங்கண்ணா?" என்றார் குழந்தைவேலு.

வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று வழியில் ஒரு போர்டு சொல்லியிருந்தது. அதனால் சென்னியப்பன் கீழே இறங்கி, வண்டி ஓட்டுகிறவன் என்று யாரும் சந்தேகப்படாத தூரத்துக்கு நடந்துபோய், ஒரு வேப்ப மரத்தடியில் நின்று போன் செய்தார்.

"எங்க இருக்கறே மயிலா?"

"மண்டபத்துலதான். நீங்க எங்க இருக்கறீங்க?"

"நீ ஊட்டுல காத்துட்டு இருக்கறதா இங்க போர்டுல போட்டிருக்குது."

மயிலாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். அவளும் அதே ஊர்தான். "நேத்து சாயங்காலம் நாலு மணி பஸ் வர்ற வரைக்கும் ஊட்டுலதாங்க இருந்தேன். அது நேத்து எழுதுனதா இருக்கும்."

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது.

"வெரசா வாங்க. அக்கா மண்டபத்து வாசல்லயே நிக்கறாங்க. யாருகிட்டயும் பேசல. ரோட்டையே பாத்துட்டு இருக்கறாங்க."

அக்கா வாசலில் நிற்கிறார் என்பதைக் கேட்டதும், சென்னியப்பன் வேன் வரைக்கும் ஓடியே வந்தார். குண்டா தலையில் டங்கு டங்கென்று அடித்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. மண்டபத்துக்குப் பத்து கிலோமீட்டர்தான் பாக்கி. நேரத்துக்குப் போய்விடலாம் என்று அன்றைக்கு முதல்முறையாக அவருக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டு கிலோமீட்டர் போனதும் தெய்வசிகாமணி மெதுவான குரலில் வாசித்தார். "விபத்துப் பகுதி."

வேன் நின்றது. நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ரோடு நேராக, சுத்தமாக இருந்தது. வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. விபத்து எதையும் காணோம்.

"இன்னும் நடக்கலை போல" என்றார் குழந்தைவேலு.

"நடக்கற எடம் இதுதான்னு போட்டாச்சு. நாம பாட்டுக்கு நடுவுல பூந்தா, அதுவும் நடக்காது, நாமளும் போக முடியாது" என்றார் தெய்வசிகாமணி. "முடியட்டும். முடிஞ்சதும் போலாம்."

"எத்தன மணிக்குன்னு போட்டிருக்குதா?"

"நேரம் போடலீங்க மாமா."

சென்னியப்பனுக்குப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது சொந்தப் புத்தி என்று தெரிந்ததும் அடக்கிக்கொண்டார். ஒன்பதரை ஆனது. அர்த்தனாரி அண்ணன் பின்பக்கம் பார்த்து, "இந்தப் பக்கமும் ஒண்ணும் நடக்கலை தம்பி" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சொன்னார். ஒன்பதே முக்கால் ஆனது.

அப்போதுதான் நெடுஞ்சாலைக் காவல் ஜீப் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. இறங்கி வந்த காவலர் வயதானவர், நிதானமானவர். தலையில் குண்டாவோடு இருந்த நான்கு பேரையும் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அவற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது அவருக்குச் சர்வீஸில் பழகியிருந்தது.

"ஏன் இங்க நிக்கறீங்க?"

"விபத்துக்குங்க" என்றார் சென்னியப்பன்.

காவலர் நோட்டை எடுத்தார். "எப்ப நடந்தது?"

"இன்னும் நடக்கலீங்க."

"அப்பறம்?"

"அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறமுங்க. ஒன்பது மணியிலிருந்து இருக்கறோம். நீங்க கொஞ்சம் சொல்லி சீக்கிரம் முடிச்சுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும். பத்தரைக்குச் சீருங்க."

காவலர் நோட்டை மூடினார்.  பிறகு பொறுமையாகச் சொன்னார். "பெரிய ரோட்டுல இப்படி நின்னீங்கன்னா, நீங்க காத்துட்டு இருக்கறது கண்டிப்பா நடந்துரும். கெளம்புங்க. இனி எங்கயும் நிக்கக் கூடாது. புரியுதா? எங்கயும்."

"எங்கயுமுங்களா?"

"எங்கயும்."

சென்னியப்பன் கும்பிட்டார். கை எடுத்துக் கும்பிட முடியாததால் தலையால் கும்பிட்டார். குண்டா ஸ்டியரிங்கில் இடித்து ஹாரன் அடித்தது.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு மண்டபம் தெரிந்தது. வாசலில் வாழைமரம், பந்தல், மேளம். பந்தலுக்கு முன்னால் பாவாயி நின்றுகொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியது. இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

வேன் மண்டபத்தைத் தாண்டிப் போனது.

"அண்ணா, மண்டபம் போயிருச்சுங்க" என்றார் குழந்தைவேலு.

"தெரியுதுப்பா. நிக்கக் கூடாதுன்னு போலீஸ்காரரு சொல்லீட்டாரே."

மண்டபத்தைச் சுற்றி ஒரு வழி இருந்தது. வேன் அதில் திரும்பிச் சுற்றி வந்தது. பாவாயி கையை நீட்டினார். வேன் மறுபடியும் அவரைத் தாண்டிப் போனது. பின் கண்ணாடி வழியாக அர்த்தனாரி அண்ணன் அவருக்கு வணக்கம் வைத்தார். மூன்றாவது சுற்றில் மேளக்காரர்கள் வேனுக்குத் தகுந்தபடி வாசிக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வையாபுரி வெளியே வந்து, இது பெண் வீட்டாரின் வழக்கமாக இருக்கும் என்று நினைத்து, கும்பிட்டபடி நின்றார்.

நாலாவது சுற்றில் பாவாயி வேனோடு சேர்ந்து ஓடி வந்தார். அங்கே மயிலாத்தாள் இல்லை. இருந்தாலும் சொல்லி அனுப்ப நேரமில்லை. இருபது வருடம் கழித்துத் தம்பியிடம் நேராகவே பேசினார்.

"நிறுத்துடா சாமி."

"நிக்கக் கூடாதுங்க்கா. ரோட்டுல போலீஸ்காரரு சொல்லீட்டாரு. நீங்கதான பத்தரமா வரச் சொன்னீங்க."

பாவாயி ஓடிக்கொண்டே யோசித்தார். அவரும் நத்தக்காட்டுவலசில் பிறந்தவர்தான். "அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அப்பறம் சீரு எப்படி?"

"அதைத்தானுங்க்கா நாங்களும் பேசீட்டு இருக்கறோம்."

ஆறாவது சுற்றில் தெய்வசிகாமணிக்கு வழி புலப்பட்டது. எட்டாவது வரை படித்தது வீண் போகவில்லை.

"மாமா, நிக்கத்தான கூடாது? உக்காரலாமுங்களே."

"யாரு?"

"வண்டிதானுங்க. போன மழைக்கு நம்ம டிராக்டர் சேத்துல எறங்குனப்ப என்ன சொன்னோம்? வண்டி உக்காந்துருச்சுன்னுதான சொன்னோம்? நின்னுருச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. மண்டபத்துக்குப் பக்கத்தில் யாரோ வீடு கட்டுவதற்கு மணல் கொட்டி வைத்திருந்தார்கள், ஆள் உயரத்துக்கு. "ரெண்டு" என்றார். குழந்தைவேலு போட்டார். வேன் நேராக மணலுக்குள் போனது. ஏறியது, சாய்ந்தது, சக்கரம் நான்கும் புதைந்தன. வேன் அழகாக உட்கார்ந்தது.

மணி பத்து இருபத்தெட்டு.

கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. அரிவாள்மனை கொண்டுவந்து அறுத்தார்கள். நான்கு பேரும் இறங்கியதும் நடக்க ஆரம்பித்தார்கள். அவர்களும் நிற்கக் கூடாதே. பாவாயி சீலைத் தலைப்பால் தம்பியின் முகத்தில் இருந்த மணலை, கூடவே நடந்துகொண்டே துடைத்துவிட்டார். "வந்துட்டயா சாமி" என்றார். சென்னியப்பன் தலையிலிருந்த குண்டாவை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

சீர் பத்தரைக்கு நடந்தது. பெண்ணை நடுவில் உட்கார வைத்து, மாமன் சுற்றி நடந்துகொண்டே மாலை போட்டார். மாலை முதல் சுற்றில் ஐயர் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது சுற்றில் சரியாக விழுந்தது. பிறகு குடும்பப் போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் நிற்க வேண்டும் என்று போட்டோக்காரர் சொன்னார். இன்றைக்கும் அந்தப் போட்டோவில் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள். பின்னால் புகை மாதிரி நான்கு பேர் போகிறார்கள். அதில் ஒரு புகைக்குத் தலையில் பித்தளைக் குண்டா இருக்கிறது. அது கழன்றது சாப்பாட்டுக்குப் பிறகுதான், நல்லெண்ணெய் விட்டு.

மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒரு ஏட்டு வந்திருந்தார். வையாபுரி அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "இனி நிக்கலாமுங்க" என்றார் ஏட்டு. நான்கு பேரும் நடந்துகொண்டே, நீங்கள் வேட்டியில் இருக்கிறீர்களே, உங்கள் பேச்சு செல்லுமா என்று கேட்டார்கள். ஏட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பித் தொப்பியை எடுத்துவரச் சொல்லி, போட்டுக்கொண்டு, "நில்லுங்க" என்றார். நின்றார்கள். கால் வலிக்கு அது இதமாக இருந்தது.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வேனை மணலிலிருந்து இழுத்து விட்டார்கள். மயிலாத்தாளும் மற்றவர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். சென்னியப்பன் அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லையில் ஒரு பெரிய போர்டு இருந்தது.

"நன்றி, மீண்டும் வருக" என்று வாசித்தார் தெய்வசிகாமணி.

வேன் திரும்பி மண்டபத்துக்கு வந்தது. பாவாயிக்குச் சந்தோஷம், காபி கொடுத்தார். குடித்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். எல்லையில் போர்டு இருந்தது. திரும்பி வந்தார்கள். இந்தத் தடவை வையாபுரி வீட்டார் மிச்சமிருந்த லட்டு கொடுத்தார்கள். மறுபடி கிளம்பினார்கள். திரும்பி வந்தார்கள். மண்டபத்தைக் கழுவிவிட ஆரம்பித்திருந்தார்கள். நான்கு பேரும் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு மரியாதையான ஊரை நான் பாத்ததில்லீங்க" என்றார் சென்னியப்பன். "எத்தன தடவை போனாலும் திரும்பக் கூப்பிடறாங்க."

வையாபுரி என்ன போர்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.  ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் போய், போர்டின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைத் தலை முதல் கால் வரை போர்த்திக் கட்டிவிட்டு வந்தார்.

நாலாவது தடவையாக எல்லைக்கு வந்த வேன் மெதுவாக நின்றது. நான்கு பேரும் இறங்கினார்கள்.  சென்னியப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அரை மணி நேரத்துக்கு முன்னால நல்லாத்தான இருந்துச்சு" என்றார் குழந்தைவேலு.

"வாங்க வாங்கன்னு மூணு தடவை வாயாரக் கூப்பிட்டுச்சு" என்றார் தெய்வசிகாமணி. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பூராவும் போர்டுகளோடு நெருங்கிப் பழகியவர் அவர்தான்.

கல்யாணத்தில் போட்ட மாலை ஒன்று வேனில் கிடந்தது. சென்னியப்பன் அதை எடுத்து வந்து சாத்தினார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பும்போது குழந்தைவேலு பழக்கதோஷத்தில், "அப்ப நாங்க போயிட்டு..." என்று ஆரம்பித்தார். அர்த்தனாரி அண்ணன் அவர் வாயைப் பொத்தினார். துக்கத்துக்கு வந்த இடத்தில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் கிளம்ப வேண்டும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. அதனால் அன்றைக்கு அர்த்தனாரி அண்ணன்கூட முன்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்தார். வேன் ஒரே ஓட்டமாக நத்தக்காட்டுவலசுக்கு வந்து சேர்ந்தது.

வாசலிலேயே நின்றுகொண்டு சென்னியப்பன் விஷயத்தைச் சொன்னார். மயிலாத்தாள் அவரை உள்ளே விடவில்லை. வெளியிலேயே உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"வயசு எவ்வளவுங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

"பெயிண்டெல்லாம் புதுசாத்தான் இருந்துச்சு" என்றார் சென்னியப்பன். "சாகற வயசில்ல."